அம்பாசிடரா, மாருதி 800-ஆ? காவிரிப் படுகையில் பழைய கார் வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் உள்ள எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று என் தந்தையார் காலத்து 1968ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2. மற்றொன்று நான் 1994இல் வாங்கிய மாருதி 800. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. வீட்டுக்கு வரும் உறவினரும், பழைய கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட விரும்பும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இருவேறு காலத்துக் கார்களை ஒப்பிடுவது பொருந்துமா?

பொருந்தும் என்றே கருதுகிறேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950களின் இறுதியில் பிறந்தது அம்பாசிடர். மாருதி 800 ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு சேர்ந்து குர்கானில் உருவானது. அதன் முதல் காரின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி வழங்கினார். பிறப்பில் கால் நூற்றாண்டு இடைவெளி இருந்தாலும், இரண்டின் உற்பத்தியும் ஒரே ஆண்டில், 2014இல், நின்றுபோனது: மாருதி ஜனவரியில், அம்பாசிடர் மே மாதத்தில். முப்பது ஆண்டுக்காலம் ஒரே சாலையில் ஓடிய கார்கள் அவை. நம் ஊர்ப் பெரியவர்கள் அம்பாசிடரைப் ‘பிளசர்’ (இன்பப் பயண வண்டி) என்றார்கள். மாருதியை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, அது வந்த நாள் முதல் ‘மாருதி’தான். கார் என்பது அரிய பொருளாக இருந்த காலத்துக்கும், பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் வாங்கக்கூடிய பொருளாக மாறிய காலத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

ஓட்டும்போது என்ன வேறுபாடு தெரியும்?

அம்பாசிடரில் ஏறி அமர்ந்ததும் முதலில் தேட வேண்டியது கியர் கம்பியை. அது தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னிருக்கை ஒரே பலகையாக நீண்டு கிடப்பதற்கும், அதில் மூவர் அமர முடிவதற்கும் இதுவே காரணம். முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் விசையை இடது காலால் மிதிக்க வேண்டும். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு மாற்ற முயன்றால் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரவென்று சத்தமிடும். முழுதாக நிறுத்தி மாற்ற வேண்டும், அல்லது கிளட்சை இருமுறை மிதித்து எஞ்சின் வேகத்தைச் சமன்செய்து மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். என் தந்தையாரிடம் வேலை பார்த்த ஓட்டுநர் இரண்டாவது முறையைச் சத்தமே வராமல் செய்வார். எனக்கு அது கைவர ஓராண்டு ஆனது.

மாருதி 800 ஓட்டுநரிடம் இத்தகைய தேர்ச்சி எதையும் கேட்பதில்லை. கிளட்ச் இலேசானது, கியர் தரையில் இருக்கிறது, நான்கு முன்கியர்களிலும் சிங்க்ரோமெஷ் உண்டு. எஞ்சின் 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர், 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. அம்பாசிடரின் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். எண்களை மட்டும் பார்ப்பவர்கள் அம்பாசிடரே வேகமான வண்டி என்று எண்ணிவிடுகிறார்கள். எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்பாசிடர் 1,100 கிலோவை ஒட்டியது; மாருதி 650 கிலோவை ஒட்டியது. ஒரு டன் எடைக்கு அம்பாசிடரில் 45 குதிரைத்திறன் என்றால், மாருதியில் 60. தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்தைக் கடக்கும்போது இந்தக் கணக்கு கண்கூடாகத் தெரியும்.

ஆனால் 55 கிலோமீட்டர் வேகத்தில், நான்காவது கியரில், அம்பாசிடர் தரும் பயண அமைதி மாருதிக்கு வாய்க்கவில்லை. முன்பக்கத்து முறுக்குக் கம்பியும் பின்பக்கத்து இலைவில் பட்டைகளும் கனமான உடலைத் தாங்கி மெல்ல அசைத்துக்கொண்டே போகும். மாருதியின் 12 அங்குலச் சக்கரம் விழுந்து எழும் பள்ளத்தை அம்பாசிடரின் 15 அங்குலச் சக்கரம் தாண்டிப் போய்விடும்.

நம் பகுதிச் சாலைகளுக்கு எது ஏற்றது?

நெடுஞ்சாலைகளைப் பற்றிய கேள்வியாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். படுகையின் உள்சாலைகள் வேறு வகை. ஒரு பக்கம் ஆறு அல்லது வாய்க்கால், மறுபக்கம் தாழ்ந்த வயல், நடுவே கரைமேல் ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் தார். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் மதகு இருக்கும் இடம் வரை பின்னால் போக வேண்டும். அம்பாசிடரின் அகலம் ஏறத்தாழ 1.68 மீட்டர், மாருதியினுடையது 1.44 மீட்டர். கால் மீட்டர்கூட இல்லாத இந்த வேறுபாடு, கரைச்சாலையில் ஒதுங்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்துவிடும். மாருதியின் திருப்பு ஆரம் 4.4 மீட்டர் என்பதால் பழைய அக்கிரகாரத் தெருக்களில் ஒரே மூச்சில் திரும்பிவிடலாம். அம்பாசிடரை அங்கே திருப்புவதற்கு, திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒருவராவது எழுந்து வந்து ‘இன்னும் வரலாம், வரலாம்’ என்று கைகாட்ட வேண்டியிருக்கும்.

அறுவடைக் காலம் தனிக் கணக்கு. குறுவையோ சம்பாவோ, களம் போதாதவர்கள் நெல்லைச் சாலையிலேயே காயவைப்பதும், வைக்கோலைப் பரப்பிவிடுவதும் இங்கே எல்லாரும் அறிந்தது. அம்பாசிடர் பின்சக்கரங்களால் இயங்கும் வண்டி. எஞ்சினிலிருந்து பின் அச்சு வரை ஒரு நீண்ட தண்டு அடிப்பாகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். அடர்ந்த வைக்கோல்மீது ஓட்டிச் சென்றால் அது அந்தத் தண்டில் கயிறு திரித்ததுபோலச் சுற்றிக்கொள்ளும். மாருதி முன்சக்கரங்களால் இயங்குவதால் நீண்ட தண்டு இல்லை. ஆனால் உடல் தாழ்ந்திருப்பதால் வைக்கோல் அடியில் திணிந்து சூடான சைலன்சர்க் குழாயைத் தொடும். இரண்டிலும் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வைக்கோல் பரப்பிய சாலையைக் கடந்தபின் நூறடி தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதை எடுத்துப் போட்டுவிட்டுப் போவதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. காய்ந்த நெல்மணி மீது பிரேக் மிதித்தால் வழுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் போகலாம்?

பதிவுச் சான்றிதழ் சொல்வது வேறு, வழக்கம் வேறு. சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்னும் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் தொழிலை நெடுங்காலம் சுமந்தவை கும்பகோணத்து வாடகை அம்பாசிடர்களே. பெரியவர்கள் ஆறு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் புளியோதரைத் தூக்கு, டேஷ்போர்டின் மேல் ஒரு சிறு மின்விசிறி என்பதே அன்றைய பயணம். திருநள்ளாறு காரைக்கால் பகுதியில் இருப்பதால், அங்கே விலை குறைவாகக் கிடைத்த பெட்ரோலை நிரப்பிக்கொள்வதும் அந்தப் பயணத்தின் சடங்குகளில் ஒன்று. மாருதியில் பெரியவர்கள் நால்வர் வசதியாகப் போகலாம். ஐந்தாமவர் ஏறினால் பின்பக்கம் அமுங்கிவிடும்.

துருப்பிடிப்பதில் எது மோசம்?

படுகையில் பழைய காரின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, தகரம். வடகிழக்குப் பருவமழை, ஆண்டு முழுதும் ஈரம் கோத்த நிலம், கிழக்கே நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் வீசும் உப்புக்காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து தகரத்தைத் தின்கின்றன.

அம்பாசிடரின் தகரம் கனமானது. ஆகவே அது மெதுவாகத் துருப்பிடிக்கும். பிடித்தபின்னும் வெட்டி ஒட்டுவதற்கு ஓரத்தில் நல்ல தகரம் மிஞ்சியிருக்கும். கதவுகளின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே உடலின் நீளத்துக்கு ஓடும் பெட்டி போன்ற பகுதி, டிக்கியின் தரை, சக்கர வளைவுகளின் உட்புறம் ஆகியவை முதலில் போகும். அம்பாசிடருக்கு லாரியைப்போலத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். எனவே கதவுக்குக் கீழுள்ள அந்தப் பெட்டிப்பகுதி உளுத்துவிட்டால், மேலே பளபளக்கும் பெயின்ட் வெறும் ஒப்பனைதான். மாருதியும் அப்படியே உடலையே சட்டமாகக் கொண்டது என்றாலும் அதன் தகரம் மெல்லியது. ஓட்டை தெரியும் நாளில் அதைச் சுற்றிக் கையகல இடம் ஏற்கெனவே காகிதமாகியிருக்கும். பற்றவைக்கும்போது அனல் பட்டே மேலும் கரையும். இதற்குப் பொறுமையுள்ள டிங்கர் வேண்டும்.

நான் கற்றது செலவோடு கற்ற பாடம். என் மாருதியை ஒரு மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய் போர்த்தி மண்தரையில் நிறுத்தினேன். மழை மேலே விழவில்லை. தரையிலிருந்து எழுந்த ஈரம் பாயின் உள்ளேயே தங்கி, ஓட்டுநரின் காலடித் தரையைத் தின்றுவிட்டது. இப்போது கொட்டகைக்கு சிமென்ட் தரை போட்டு, நான்கு பக்கமும் காற்று வர விட்டு, கார்மேல் பருத்தித் துணியை மட்டும் போர்த்துகிறேன். கார் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் அதில் ஒரு பங்கை முதலில் கொட்டகைக்கு ஒதுக்குவது நல்லது.

வெள்ளத்தில் மாட்டினால்?

தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு எஞ்சின் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். இந்த இடத்தில் பழைய அம்பாசிடருக்கு ஒரு நன்மை உண்டு: முன்னால் கைப்பிடிக் கம்பியைச் செருகிச் சுற்றலாம். அம்பாசிடரில் கியர்ப்பெட்டி, பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் இரண்டின் ஆயிலையும் தனித்தனியே மாற்ற வேண்டும். பலர் பின்னதை மறந்துவிடுகிறார்கள். மாருதியில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் வேலை பாதி. டிரம் பிரேக்குகள் நனைந்தால் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக அழுத்திச் சூடேற்றி உலர்த்துங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, பல கார்களைக் கெடுத்தவை தண்ணீரைவிட மேலே விழுந்த தென்னைகளே. மரத்தடி நிழலில் காரை நிறுத்தும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

இன்றைய பெட்ரோல் இந்த எஞ்சின்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

அம்பாசிடரின் எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. அந்த ஈயம் எக்சாஸ்ட் வால்வு அமரும் இடத்துக்கு ஒரு மெத்தைபோல உதவியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஈயம் முழுமையாக நீக்கப்பட்டபின், எஞ்சினின் மேல்பகுதியான வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாக அமரும் வால்வுகள் நீண்ட வேக ஓட்டத்தில் அந்த இடத்தைத் தேய்த்து உள்ளே இறங்கத் தொடங்கின. வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் இதுவே காரணம் என்று கொள்ளலாம். ஹெட்டைக் கழற்றும் வேலை வரும்போது கடினப்படுத்திய வால்வு வளையங்களைப் பொருத்திவிட்டால் தொல்லை தீரும். மெதுவாக, மாதம் சில நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு அவசரமில்லை.

இப்போதைய சிக்கல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் பம்பின் சவ்வையும் ஊறச்செய்து பிளக்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். நம் பகுதி ஈரத்தில் இரண்டு மாதம் நிற்கும் காரின் தொட்டியடியில் நீர் தங்க இடமுண்டு. ரப்பர்ப் பாகங்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் குழாயைக் கழற்றி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக அணையும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். இரண்டு கார்களுக்கும் இது பொருந்தும். 1994ஆம் ஆண்டு மாருதியும் கார்பரேட்டர் வண்டிதான்.

மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்குமா?

மாருதிக்குப் பெரும்பாலான ஊர்களில் இரண்டும் கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் விற்ற வண்டி. அதன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் மாருதியின் ஆம்னி வேனிலும் இருந்ததால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1986க்கு முந்தைய முதல் வடிவம் மட்டும் விலக்கு. அதன் கண்ணாடியும் விளக்கும் தேடினாலும் அரிதே.

அம்பாசிடரின் நிலை தலைகீழ். பாகங்கள் இன்னும் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் கியர்ப்பெட்டி முதல் கதவுக் கைப்பிடி வரை எடுக்கலாம். குறைந்துவருபவை கைகள். தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்டின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைப்பது, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே தீப்பொறி எழும் நேரத்தை (டைமிங்) திருத்துவது, முன்பக்கத்து மூட்டுகளுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் கிரீஸ் அடிப்பது ஆகியவற்றைத் தெரிந்தவர்கள் எழுபது வயதை நெருங்கிவிட்டார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். மகன் கணினி செருகாத வண்டியைத் தொடுவதில்லை. அதனால்தான் கிரீஸ் அடிப்பதையும் பாயிண்ட் வைப்பதையும் நானே கற்றுக்கொண்டேன். கற்கக்கூடியவைதான், பானட்டைத் திறந்தால் இரண்டு கையும் நுழைய இடம் இருக்கிறது, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறதென்று கண்ணால் காணலாம்.

மைலேஜ் எவ்வளவு?

என் அம்பாசிடர் லிட்டருக்கு 9 அல்லது 10 கிலோமீட்டர். மாருதி 16 முதல் 18 வரை.

டீசல் அம்பாசிடர், இசுசு எஞ்சின் அம்பாசிடர் ஆகியவற்றைப் பற்றி?

அன்றாடம் ஓட்டுவதற்கு 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின் வண்டிதான் அம்பாசிடர்களிலேயே சிறந்தது: 75 குதிரைத்திறன், ஐந்து கியர், தரையில் கியர் கம்பி. பழைய 1489 டீசல், டாக்சிக்காரர்களின் வயிற்றுப்பாட்டுக்கு உதவிய எஞ்சின். சேகரிப்புக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய மார்க் 2 உடலில் புது எஞ்சினை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. மூல வடிவம் மாறினால் ‘விண்டேஜ்’ பதிவுக்கு வரும் சிக்கலை அடுத்த விடையில் பாருங்கள்.

பதிவுச் சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பின்னர் தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாயாக்கப்பட்டது. மிகப் பழைய கார்களுக்கு அதன் பின்னரும் கூடியுள்ளது. ஆகவே போவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தையும் பசுமை வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2021இல் ‘விண்டேஜ்’ வாகனங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத, மூல வடிவம் பெரிதும் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் அடங்கிய எண் கிடைக்கும். அவ்வெண் பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். என் அம்பாசிடருக்குத் தகுதி உண்டு; நான் விண்ணப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் மாதம் ஒருமுறை மயிலாடுதுறைக்கும் ஓட்டும் வண்டியைக் கண்காட்சிப் பொருளாக்க மனம் வரவில்லை. மாருதி 800-களில் மூத்ததற்கே 50 வயது 2033 டிசம்பரில்தான் நிறைவடையும்.

பாதுகாப்பு?

இரண்டிலும் காற்றுப்பை இல்லை, இன்றைய மோதல் சோதனைகளில் எதுவும் தேறாது. அம்பாசிடரின் கனத்த தகரம் உயிர்காக்கும் என்ற நம்பிக்கை ஆதாரமற்றது. மசியாத தகரம் அதிர்ச்சியை உள்ளே இருப்பவருக்கே கடத்தும். இருக்கைப் பட்டை பொருத்துங்கள், இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

என் மகள் இதே கேள்வியைக் கேட்டாள். அவள் திருச்சியில் வேலை பார்க்கிறாள். மாதம் இருமுறை வருகிறாள். வண்டியின் அடியில் படுத்துக் கிரீஸ் அடிக்க அவளுக்கு நேரமில்லை. அவளுக்கு மாருதியைச் சொன்னேன். அது ஒரு மாதம் கவனிக்கப்படாமல் நின்றாலும் கோபித்துக்கொள்ளாது. கெட்டால் எந்த ஊரிலும் சரிசெய்யலாம். வாரம் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கக்கூடியவர், சிமென்ட் தரைக் கொட்டகை உள்ளவர், கையில் எண்ணெய் படுவதை வெறுக்காதவர் என்றால் அம்பாசிடரைச் சொல்வேன். அந்த ஒரு காலைப்பொழுதைத் தர முடியாத வீட்டில் அம்பாசிடர் மூன்றே மழைக்காலத்தில் கோழி அடையும் கூடாகிவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அதற்கு மகள் சொன்ன பதில் வேறு. மாருதியை அவள் எடுத்துக்கொள்வாளாம். அம்பாசிடரின் முதல் கியரைச் சத்தமில்லாமல் போட, அடுத்த விடுமுறைக்கு வரும்போது நான் அவளுக்குக் கற்றுத்தர வேண்டுமாம்.